டீக்கு முந்தியா, டீக்குப் பிந்தியா?

மதினி,

காலையிலிருந்து கடையில் சந்தன வாசம். நாளை ஆயுத பூசை. டீசலும் கிரீஸும் கரிப்புகையும் ஊறிப்போன இந்தக் கொட்டகையில் வேறு எந்த வாசமும் நிற்காது என்றுதான் வருஷம் முழுக்க நினைத்திருப்பேன். இந்த ஒரு நாள் மட்டும் அது பொய்த்துப்போகும். கடை ஆட்கள் பித்தளைக் கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, பூசணிக்காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனார்கள். பூசை அவர்களுடையது, பொரிகடலை என்னுடையது. இத்தனை வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

கிண்ணத்தைப் பார்த்ததும் உங்கள் குரல்தான் முதலில் வந்தது. "ஏ கொழுந்தனாரே, இந்தச் சந்தனத்தை எங்கன வைக்கணும், எங்கன வைக்கக்கூடாதுன்னு தெரியுமா?" கோவில்பட்டி பூராவும் என்னை பாய் என்று கூப்பிடும். நீங்கள் மட்டும்தான் கொழுந்தனாரே என்று கூப்பிட்டீர்கள். முதல் நாளே அப்படித்தான் கூப்பிட்டீர்கள். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பங்குனியில் நீங்கள் போன பிறகு அப்படிக் கூப்பிட ஆளில்லை. அது இவ்வளவு பெரிய குறையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, மதினி.

உங்கள் லாரி என் கடைக்கு முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஐப்பசி மாதம். கூரைக்கு மேலே மேகம் இறங்கி நின்றது. வலது பக்கக் கதவைத் திறந்து அண்ணாச்சி இறங்கினார். அது வழக்கம். இடது பக்கக் கதவைத் திறந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏணிப்படியில் பின்பக்கமாக இறங்கினீர்கள் நீங்கள். அது வழக்கமில்லை. எதிரே வல்கனைசிங் கடையில் இருந்தவர்கள் டயரை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் அவர்களைத் திருப்பிப் பார்த்து, "என்ன, டயர் இங்கயா இருக்கு? அங்கன பாருங்க" என்றீர்கள்.

அது சென்னையில் பதிவான லாரி. அந்த வருஷங்களில் புதிய புகைச் சட்டம் பெரிய நகரங்களுக்கு முதலில் வந்தது, நம் பக்கத்துக்குப் பின்னால் வந்தது. அதனால் ஒரே கம்பெனி வண்டியாக இருந்தாலும் சென்னை வண்டிக்குள் கம்ப்யூட்டர் இருக்கும், கோவில்பட்டி வண்டிக்குள் பம்பும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் இருக்கும். நீங்கள் இருவரும் நாலைந்து வருஷம் ஓடிய அந்த வண்டியை ஆசையாக வாங்கிவிட்டீர்கள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதற்கு வைத்தியம் பார்க்க நம் ஊரில் ஆளில்லை என்று. நானோ கார் வயரிங் பார்த்துப் பழகி, வண்டிக் கம்ப்யூட்டரின் பிழையைப் படிக்கிற ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, லாரிக்காரர்கள் என்றைக்கு வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். சரியான நேரத்தில்தான் வந்தீர்கள்.

"என்ன செய்யுது அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இழுக்கல பாய்" என்றார் அவர். அதோடு முடித்துக்கொண்டார்.

நீங்கள் முன்னால் வந்தீர்கள். "அவியகிட்ட கேட்டா அவ்வளவுதான் வரும். நான் சொல்லுதேன். குமுளி ஏத்தத்துல கரும்புகை கக்குது. ஆனா ஏறிரும். மேல போய் டீக்கு நிப்பாட்டிட்டு மறுபடி எடுத்தா, அந்த மஞ்ச லைட்டு எரியும். அதுக்கப்புறம் சத்தமே மாறிப்போவும். பால் பொங்கி வாறப்ப தண்ணி தெளிச்சா அடங்கும்லா, அந்த மாதிரி அடங்கிருது. மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போவுது."

"எப்பயிருந்து?"

"சரஸ்வதி பூசை லீவு முடிஞ்சு எடுத்த மொத டிரிப்ல இருந்து."

லீவில் வண்டி நின்றிருக்கிறது, டாங்கில் தண்ணீர் கோத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. டாங்கை வடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நீங்கள் முதல் நாளே விடையைச் சொல்லிவிட்டீர்கள், மதினி. சொன்ன உங்களுக்கும் அது தெரியாது, கேட்ட எனக்கும் தெரியாது.

நீங்கள் லாரியில் ஏறிய கதையை அண்ணாச்சிதான் பிறகு ஒருநாள் சொன்னார். புதூர்ப் பக்கம் உங்களுக்கு மழையை நம்பிய நாலு குறுக்கம் கரிசல் காடு. அவருக்கு இருபது வருஷம் பழைய லாரிகளை ஓட்டி இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதும் அரைகுறை. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் கேட்காது. டர்போவின் விசில் கேட்காது. டயரில் கல் சிக்கினால் கேட்காது. ஒருநாள் சாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ்காரன் அடித்த ஹாரன் கேட்காமல் மயிரிழையில் தப்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். மறுநாள் நீங்கள் ஆட்டுக்குட்டிகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இடது சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். "எறங்குட்டி, ஊரு சிரிக்கும்" என்று அவர் சொன்னாராம். "சிரிக்கட்டும். ஒமக்குத்தான் கேக்காதுல்லா" என்றீர்களாம். இதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் தண்ணீர்க் குடம் அதிர்ந்தது.

அன்றைக்கு ஸ்கேனரை மாட்டினேன். வண்டி நல்ல பிள்ளையாக நின்றது. மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. பழைய பிழை ஒன்று மட்டும் உள்ளே பதிந்திருந்தது: காற்றழுத்தம் பொருந்தவில்லை. அதற்குள் நம் ஊர் மெக்கானிக்குகள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள்ளேயே அனுப்பி, வெளியே போகிற நச்சைக் குறைக்கிற வால்வு ஒன்று அந்த வண்டியில் உண்டு. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று யாரோ அந்த வழியைத் தகரத்தை வெட்டி அடைத்திருந்தார்கள். தகரத்தை எடுத்தேன். வால்வில் அடுப்புக்கரி மாதிரி படிந்திருந்ததைச் சுரண்டிக் கழுவி மாட்டினேன். என்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போவுக்குப் பின்னால் இருக்கிற அழுத்த சென்சாரையும் புதிதாகப் போட்டேன். சமவெளியில் வண்டி பட்டு மாதிரி ஓடியது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நீங்கள் குமுளி போய்த் திரும்பி வந்தீர்கள். இடது கதவைத் திறந்து இறங்கும்போதே, "கொழுந்தனாரே, காலரை எறக்குங்க" என்றீர்கள்.

இப்படியே இன்னொரு தடவையும் ஆனது. கோவில்பட்டியில் ஒன்றும் தெரியாது. மலைமேல் போனால் நிற்கும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற ஆளுக்கு என்ன வைத்தியம் பார்ப்பது? எனக்கு ஆத்திரமாக வந்தது. ஸ்பேனரைத் தூக்கி மூலையில் எறிந்தேன். நீங்கள் போய் அதை எடுத்துக்கொண்டு வந்து, சேலை முந்தியில் துடைத்து, மேசைமேல் வைத்தீர்கள்.

அன்றைக்கு ஒரு புரோக்கர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். டயரைத் தட்டினான், பாடியைத் தட்டினான். அண்ணாச்சி அவன் பின்னாலேயே நடந்தார். "தீப்பெட்டி லோடு குடுக்கவிய எத்தனை தடவை பொறுப்பாவ? இன்னொரு தடவை மலையில நின்னா வித்துருவோம் பாய். வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். நீங்கள் போகவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்றீர்கள். அவ்வளவு நாளில் உங்கள் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"வண்டி போனா இவிய யாரு வண்டியிலயாவது சம்பளத்துக்கு ஏறணும். காது கேக்காத ஆள யாரு எடுப்பா? எடுத்தாலும் பொண்டாட்டியக் கூட்டிட்டு வான்னு எந்த ஓனர் சொல்லுவான்? நான் இல்லாம இவிய ரோட்டுல போனா, ஒவ்வொரு நாளும் எனக்கு உசுரு வந்து வந்து போவும். எனக்கு வண்டி வேணும்னு இல்ல கொழுந்தனாரே. அந்த எடது சீட்டு வேணும்."

"சரி மதினி" என்று மட்டும் சொன்னேன். மதினி என்று நான் உங்களை முதலில் கூப்பிட்டது அப்போதுதான்.

"மருந்து மட்டும் குடுத்தா எப்படி? ஒரு தடவை கூட வந்து பாருங்க" என்றீர்கள். அடுத்த டிரிப்பில் ஸ்கேனரைத் துண்டில் சுற்றிக்கொண்டு நானும் ஏறினேன். நடு சீட்டில் நான், என் காலடியில் ஸ்கேனர் வயர், பின்னால் தார்ப்பாய் போர்த்திய தீப்பெட்டிப் பண்டல்கள். மழை பெய்து ஓய்ந்த கரிசலில் உளுந்தும் பாசியும் பச்சை கட்டியிருந்தன. நீங்கள் கடம்பூர் போளியைப் பிரித்து எனக்கு இரண்டு, அண்ணாச்சிக்கு ஒன்று என்று கொடுத்தீர்கள். "அவியளுக்கு இனிப்பு ஆவாது, ஒமக்கு இன்னும் அந்த வயசு வரல" என்றீர்கள். நமக்குள் வயசு வித்தியாசம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆனாலும் நீங்கள் மதினி, நான் கொழுந்தன். அதில் பேரத்துக்கு இடமில்லை.

வழியெல்லாம் உங்கள் இடது கை ஜன்னலுக்கு வெளியே இருந்தது, வலது கை என் முதுகுக்குப் பின்னால் நீண்டு அண்ணாச்சியின் தோளில் இருந்தது. பின்னால் வண்டி வந்தால் ஒரு தட்டு. வழி கேட்டால் இரண்டு தட்டு. என்ஜின் சத்தம் கனத்தால் ஒரு அழுத்து, அவர் கியரைக் குறைப்பார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டியை ஓட்டுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் உட்கார எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வானம் கறுத்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த ஜீப்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினான். அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்டது. நீங்கள் திருப்பித் திட்டினீர்கள். மலைக்காற்று லேசான காற்று. அதற்குத் தக்கபடி கம்ப்யூட்டர் டீசலைக் குறைக்க வேண்டும். குறைக்கவில்லை. கோவில்பட்டியில் இருக்கிற நினைப்பிலேயே அது டீசலை ஊற்றிக்கொண்டிருந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

குமுளியில் டீக்கடைக்கு முன்னால் வண்டியை அணைத்தார் அண்ணாச்சி. உச்சி வெயில், ஆனாலும் காற்று குளிர்ந்தது. நான் டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு யோசித்தேன். "டீக்கு நிப்பாட்டாம போன நாள்ல என்ன ஆச்சு மதினி?"

"ஒன்னும் ஆவல. புகை இருந்துச்சு. ஆனா அடங்கல. ரெண்டு மட்டம் டீ குடிக்காமயே போனோம், நல்லாத்தான் போச்சு. டீ குடிச்சாத்தான் அதுக்குக் கோவம் வருது."

அப்போது எனக்குப் பொறி தட்டியது. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் இரண்டு எண்களை ஒத்துப் பார்க்கும். வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்று, என்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தம் ஒன்று. என்ஜின் ஓடாமல் நிற்கும்போது இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கோ பொய் இருக்கிறது என்று முடிவு கட்டி, விளக்கை எரியவிட்டு, வண்டியின் பலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டீயை வைத்துவிட்டு ஓடிப்போய் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரைப் பார்த்தேன். குழாயில் தொண்ணூற்று ஒன்று. வெளிக்காற்று நூறு. கோவில்பட்டியில் பார்த்தபோது இரண்டுமே நூறுதான். மலை ஏறியது ஒரு சென்சாருக்குத் தெரிந்திருக்கிறது, இன்னொன்றுக்குத் தெரியவில்லை. தெரியாத அந்தச் சென்சார் கம்ப்யூட்டர் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. தனியாகக் கழற்ற முடியாது.

நான் கீழே இறங்கினேன். என் முகத்தைப் பார்த்தே அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. "கம்ப்யூட்டரே போயிருக்கு அண்ணாச்சி. மாத்தணும்" என்றேன். புதிய கம்ப்யூட்டருக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி பாய். அந்தப் புரோக்கருக்கே சொல்லிருவோம்" என்றார். நீங்கள் டீக் கிளாஸைக் கீழே வைத்தீர்கள். அதில் பாதி டீ அப்படியே இருந்தது.

மதுரையில் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியர் ஒருவர் எனக்குப் பழக்கம். பொறுமைசாலி, என்ன கேட்டாலும் சலிக்காமல் சொல்லுவார். டீக்கடைக்காரரின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். "பெட்டியில ஒட்டியிருக்கிற நம்பரைப் படிங்க பாய். பழைய பெட்டி எங்கேயாவது கிடைக்குமான்னு பார்க்கிறேன்" என்றார். போனைப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, கேபினைத் தூக்கி என்ஜினின் பக்கவாட்டில் குனிந்தேன். பெட்டியைப் பார்த்தேன். நம்பர் தெரியவில்லை. அதன்மேல் பெரிய சந்தனப் பொட்டு ஒன்று எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. நடுவில் குங்குமம் கறுத்துப்போய் இருந்தது. அதற்கு முன்பு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். லாரியில் பொட்டு இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும், அதனால் என் கண்ணுக்கு அது தெரிந்ததே இல்லை.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுரண்டப் போனேன். உங்கள் கை வந்து என் கையைப் பிடித்தது.

"ஏ, பொட்ட அழிக்காதீங்க."

"நம்பர் பாக்கணும் மதினி."

"பாருங்க. ஆனா சொரண்டி அழிக்காதீங்க. சாமிக்கு வச்ச பொட்டு. நானே எடுக்கேன்."

சேலை நுனியை டீக்கடைத் தண்ணீரில் நனைத்து, தூங்குகிற பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் அந்தப் பெட்டியைத் துடைத்தீர்கள். சந்தனம் ஊறி இளகியது. அதை வழித்து இடது உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே வந்தீர்கள். "பூசையன்னைக்கு மொதப் பொட்டு இதுக்குத்தான் வச்சேன். வித்தவரு சொன்னாருல்லா, இதுதான் வண்டியோட மூளைன்னு. மூளைக்குத்தான மொதல்ல வைக்கணும்? பொட்டு வைக்கதுக்குன்னே நடுவுல ஒரு சின்னக் குழியும் விட்டிருந்தான். கம்பெனிக்காரனும் நம்ம ஆளு போலன்னு நெனச்சேன்."

"என்ன குழி?" என்று கேட்டேன்.

"இந்தா" என்று காட்டினீர்கள். மிளகளவு ஒரு துளை. உள்ளே வெள்ளையாக ஒரு மெல்லிய சவ்வு. அதன்மேல் நிரம்பியிருந்த சந்தனத்தின் கடைசித் துளியை விரல் நுனியால் ஒற்றி எடுத்தீர்கள்.

ஸ்கேனரை வயரோடு வெளியே இழுத்துக் கதவுப் பிடியில் மாட்டியிருந்தேன். சாவி போட்டபடியே இருந்தது. எதற்கென்று தெரியாமல் எட்டிப் பார்த்தேன். நூறு என்று நின்ற எண் தொண்ணூற்று ஒன்பது என்று காட்டியது. தொண்ணூற்று ஏழு. நான் சத்தம் போட்டேன். என்ன சத்தம் போட்டேன் என்று நினைவில்லை. தொண்ணூற்று நாலு. அண்ணாச்சி காது கேட்காமலேயே ஓடிவந்தார். தொண்ணூற்று ஒன்றில் வந்து நின்றது. இரண்டு எண்களும் அக்கா தங்கச்சி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

போனில் காத்திருந்த மனிதரிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார். "அது பெட்டி மூச்சு விடுற துளை பாய். வெளிக்காற்று எப்படி இருக்குன்னு உள்ளே இருக்கிற சென்சாருக்கு அது வழியாத்தான் தெரியும். அடைச்சா, கடைசியா எங்க மூச்சு விட்டதோ அங்கேயே இருக்கிறதா நினைச்சுக்கும்" என்றார். அவர் சொன்னதை நான் உங்களுக்கு அப்படியே சொன்னேன். நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். உங்கள் கண் நிறைந்துவிட்டது. "சாமிக்கு வச்சதா வண்டிய நிப்பாட்டுச்சு? நான் வச்சதா?" என்று கேட்டீர்கள். சமாதானம் சொல்ல எனக்கு வராது.

சமாதானத்தையும் நீங்களேதான் சொல்லிக்கொண்டீர்கள். பெட்டியைப் பார்த்துத் திடீரென்று சிரித்தீர்கள். "அம்மனுக்கே நெத்தியிலதான வைக்கோம்? மூக்குல வைக்கலையே. மூக்குல வச்சா அவளும்தான் கோவிப்பா." பிறகு உள்ளங்கையில் சேர்த்து வைத்திருந்த பழைய சந்தனத்தைத் தொட்டு, பெட்டியின் மேல் விளிம்பில், துளைக்கு எட்டாத தூரத்தில், ஒரு சின்னப் பொட்டு வைத்தீர்கள். கொஞ்சம் உங்கள் நெற்றியில் வைத்தீர்கள். கொஞ்சம் அண்ணாச்சிக்கு. மிச்சத்தோடு என்னைப் பார்த்து ஒரு நொடி யோசித்தீர்கள். "ஒமக்குக் கழுத்துலல்லா?" என்று கேட்டுவிட்டு என் கழுத்தில் தடவிவிட்டீர்கள். எங்கள் தர்காவில் சந்தனக்கூடு அன்றைக்கு அப்படித்தான் பூசுவார்கள். அதை நீங்கள் எங்கே, எப்போது பார்த்து வைத்தீர்களோ, நான் கேட்கவில்லை. டீசல் நாறுகிற அந்தச் சந்தனத்தின் குளிர்ச்சி இன்னும் என் கழுத்தில் இருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு டீ. பாதி டீயைக் கொட்டிவிட்டுப் புது டீ. சாவியைத் திருப்பினார் அண்ணாச்சி. மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது, மறுபடி எரியவில்லை. வண்டிப்பெரியாறு தாண்டிக் குட்டிக்கானம் வரைக்கும் ஏற்றம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வண்டி சீராக ஏறியது. நான் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். வானம் நீலமாகவே இருந்தது. நீங்கள் காதை ஜன்னலுக்குக் கொடுத்துக்கொண்டு, கையை அண்ணாச்சி தோளில் வைத்துக்கொண்டு, அந்த இடது சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

அதிலிருந்து எங்கள் கடையில் உங்கள் சட்டம்தான் நடக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் முந்தின நாள், கம்ப்யூட்டர் உள்ள பழைய வண்டிகள் வரிசையாக வரும். இப்போது அவை நிறைய. நீங்கள் வந்து பெட்டி பெட்டியாகப் பார்த்து, மேல் விளிம்பில் முதல் பொட்டை உங்கள் கையால் வைத்துவிட்டு, டிரைவர்களிடம் சொல்லுவீர்கள்: "இங்கன நெத்தி, அங்கன மூக்கு. மாத்தி வச்சா மலையில நிப்பிய." சாத்தூர்ப் பக்கத்து வண்டிகளில்கூட அந்த மேல் விளிம்புப் பொட்டைப் பார்த்திருக்கிறேன். யார் சொல்லித் தந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போதெல்லாம் ஸ்கேனர்கள் பெரிதாகிவிட்டன. ஒரு பிழைக்கு நாலு பக்கம் விளக்கம் சொல்லுகின்றன. ஆனாலும் எந்த வண்டி வந்தாலும் நான் அதை மாட்டுவதற்கு முன்னால் டிரைவரைப் பிடித்து ஒரு கேள்வி கேட்பேன்: "டீக்கு முந்தியா, டீக்குப் பிந்தியா?" முதலில் முழிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். நிறுத்தி எடுத்த பிறகா, ஓடும்போதா, சூட்டிலா, குளிரிலா என்று ஒவ்வொன்றாக வரும். வண்டியோடு வாழ்கிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, மதினி. கேட்க ஆள் வேண்டும். நிறைய வண்டிகள் அந்த ஒரு கேள்வியிலேயே பாதி குணமாகிவிடுகின்றன.

கடைசி வருஷம் நீங்கள் படுக்கையில் இருந்தபோது, ஊருக்குள் லாரி நுழையும் சத்தம் கேட்டதுமே, "மூணாவது இன்ஜெக்டர் மெல்லக் கொட்டுது, கொழுந்தனார்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றீர்களாம். கூலிக்கு ஒரு டிரைவரை வைத்து அண்ணாச்சி கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்தேன். மூன்றாவதுதான். அதைச் சொல்ல நான் வந்தபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப மனசு வரவில்லை.

இன்றைக்கு மதியம் அண்ணாச்சி வந்தார். நான் அவரை எதிர்பார்க்கவில்லை. சாவு விழுந்து துஷ்டி நடந்து வருஷம் திரும்பாத வீடு, பண்டிகை கிடையாதே. வாசலில் ஏர் பிரேக் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தால் உங்கள் லாரி. உங்கள் தங்கச்சி மகன் ஓட்டிக்கொண்டு வந்தான். நிதானமான பிள்ளை, கை சுத்தம். இடது கதவு திறந்தது. அண்ணாச்சி பின்பக்கமாக, உங்களை மாதிரியே, ஏணிப்படியில் இறங்கினார். வண்டியை விற்கவில்லை, இனியும் விற்கப்போவதில்லை, அந்தப் பையனை அவர் தோளில் தட்டித் தட்டி வழி சொல்லிக் கூட்டிப்போகிறார் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. காது கேட்காவிட்டால் என்ன, அந்த மலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருஷம்..." என்று இழுத்தேன்.

"வீட்டுக்குத்தான்வே துஷ்டி. வண்டிக்கு என்ன துஷ்டி? வைக்காம விட்டா அவ என்னைச் சும்மா விடுவாளா?" என்றார்.

கிண்ணத்தை எடுத்து நீட்டினேன். கேபினைத் தூக்கினோம். அவர் குனிந்து பெட்டியின் மேல் விளிம்பில் ஒரு பொட்டு வைத்தார். துளையை ஒரு தடவை இடது கை விரலால் தொட்டு, அடைபடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். வரிசையில் நின்ற மற்ற டிரைவர்களைத் திரும்பிப் பார்த்து, "இங்கன நெத்தி, அங்கன மூக்கு" என்றார். உங்கள் வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தார். அவர் விரலில் சந்தனம் மிச்சம் இருந்தது. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். அந்த மிச்சம் எப்போதும் உங்கள் நெற்றிக்குப் போவது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒமக்குக் கழுத்துலல்லா பாய்?" என்றார்.

ராத்திரித் தொழுகைக்குக் கை கால் கழுவும்போதும் கழுத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன், மதினி. சந்தனம் காய்ந்து தோலை மெல்ல இழுக்கிறது. பூசை லீவு முடிந்ததும் பையன் வண்டியைக் குமுளிக்கு எடுக்கிறான். மேலே போய் டீ குடித்துவிட்டு எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.